வள்ளல் அழகப்பர்

செட்டிநாடு

தமிழகத்தின் தென்கிழக்கே, சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரு மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கும் ஊர்களின் தொகுதி செட்டிநாடு எனப்பெறும். காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி முதலியன அத்தொகுதியைச் சேர்ந்த ஊர்களாம். வற்றாத ஆறு ஒன்றும் பாயாத நிலம் அது. வானம் பார்த்த பூமியிலே வாழ்ந்த நகரத்தார், கடல் கடந்து இலங்கை, பர்மா, மலேயா முதலிய நாடுகளுக்குச் சென்று வாணிகம் செய்து பொருள் ஈட்டினர். ஈட்டிய பொருளைக் கொண்டு தம் ஊர்களில் மாளிகைகளை எழுப்பினர்.

அம்மாளிகைகளில் பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் இடம்பெற்றன. எனினும் அவற்றின் உயிர்ப்பான பகுதிகள் உள்ளூர்க் கைவினைஞரின் அறிவால் அமைந்தவையே. சுண்ணாம்பையும் முட்டையின் வெண்கருவையும் கலந்து அரைத்துப் பூசிய சுவர்கள் இன்றும் கண்ணாடிபோல் மின்னுகின்றன. சாய்ந்த ஓட்டுக் கூரையின் வழியே இறங்கும் மழைநீர் நடு முற்றத்தில் விழும். வீட்டார் அதனை அண்டாக்களில் பிடித்து வைப்பர். தெருநீர் ஓடி ஊருணியை நிரப்பும். ஆத்தங்குடியில் மணலும் சிமிட்டியும் வண்ணப்பொடியும் கொண்டு, கண்ணாடித் தகட்டின்மேல் வார்த்து, நீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்திய தரைக்கற்கள் கூடங்களை அழகுசெய்தன. இவற்றுள் எது பழுதுற்றாலும் அதனைச் செப்பனிடும் கொத்தனும் தச்சனும் அடுத்த தெருவிலேயே இருந்தனர். ஆதலின் அப்பொருள்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன் தந்தன.

பின்னர் ஒரு புதிய காலம் பிறந்தது. மோட்டார் வண்டியும், மின்விளக்கும், கிராமபோனும், வானொலியும் கப்பல் ஏறி வந்தன. அவற்றை வாங்கப் பணம் இருந்தது. ஆக்கவும் திருத்தவும் அறிந்தவர் ஊரில் இல்லை. ஓர் உறுப்புத் தேய்ந்தால் சென்னைக்கோ சீமைக்கோ எழுதிக் காத்திருத்தல் வேண்டும். வாங்க இயலாத எளியவர்க்கோ அவை தொலைவில் நின்று பார்க்கும் வேடிக்கைப் பொருள்களாகவே இருந்தன. புதிய பொறிகள் மக்களின் அன்றாட வாழ்வுக்குப் பயன்பட வேண்டுமாயின், அவற்றைப் பற்றிய அறிவு மக்களின் அருகிலேயே விளைதல் வேண்டும். இவ்வுண்மையைத் தம் கொடையால் மெய்ப்பித்தவர் கோட்டையூர் அழகப்பச் செட்டியார் ஆவார்.

பிறப்பும் கல்வியும்

அழகப்பர் 1909-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 6-ஆம் நாள், காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பிறந்தார். தந்தையார் இராமநாதன் செட்டியார். தாயார் உமையாள் ஆச்சி. காரைக்குடியில் பள்ளிக் கல்வியை முடித்தபின், சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து ஆங்கில இலக்கியம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். இளமையிலேயே பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பிக் கணக்குப் பழக்குவதே அந்நாளைய நகரத்தார் வழக்கம். அவ்வழக்கினின்றும் விலகி, உயர்கல்வியை நாடிச் சென்றவருள் அவர் முன்னோடியாக விளங்கினார்.

மேலும் கற்கும் வேட்கை அவரை இலண்டன் மாநகருக்கு அழைத்துச் சென்றது. அங்கே சட்டம் பயின்று 1933-ஆம் ஆண்டில் பாரிஸ்டர் ஆனார். சார்ட்டர்டு வங்கியில் பயிற்சி பெற்றார். அம்மட்டோடு அமையாது, குராய்டன் வானூர்தித் தளத்தில் விமானம் ஓட்டக் கற்றுச் சான்றிதழும் பெற்றார். பொறிகளை விலைகொடுத்து வாங்கி மகிழ்வதோடு நில்லாமல், அவற்றை இயக்கும் வகையையும் தாமே அறிந்துகொள்ளும் இயல்பு இளமையிலேயே அவர்பால் அமைந்திருந்தமை இதனால் விளங்கும்.

தொழில் தந்த படிப்பினை

தாயகம் திரும்பிய அழகப்பர் சட்டத்தொழிலை மேற்கொள்ளவில்லை. உடல்நலக் குறைவு அவரைத் தொடர்ந்து வருத்தி வந்தது. எனினும் அவர் சோர்ந்தாரல்லர். கேரளத்தில் திருச்சூருக்கு அருகே நூற்பாலை ஒன்றை நிறுவினார். அவ்வாலையைச் சூழ்ந்த ஊர் இன்றும் அழகப்ப நகர் என்றே வழங்குகிறது. மலேயாவில் இரப்பர்த் தோட்டம், பர்மாவில் வெள்ளீயச் சுரங்கம் என அவர்தம் தொழில்கள் பெருகின. ஜுபிடர் ஏர்வேஸ் என்னும் வானூர்தி நிறுவனத்தையும் அவர் நடத்தினார்.

பொறிகளைக் கொண்டு தொழில் நடத்துவோர் யாவரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு. நூற்பாலையில் ஒரு பல்சக்கரம் உடைந்தால் ஒரு பொறி நிற்கும். பொறி நின்றால் அதனை நம்பிய தொழிலாளியின் கை ஓயும். கை ஓய்ந்தால் அவன் வீட்டு அடுப்பு அணையும். உடைந்த சக்கரத்தை வார்க்கவும் கடையவும் வல்லவர் அருகில் இருந்தால் ஒரே நாளில் வேலை தொடங்கும். இல்லையேல் பல திங்கள் காத்திருக்க நேரும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அயல்நாட்டுப் பொறிகளும் வேதிப்பொருள்களும் வருவது அருகியபோது, இந்திய நாடு முழுவதுமே இத்துன்பத்தை உணர்ந்தது.

அதே போர் செட்டிநாட்டுக்கு மற்றுமொரு பாடத்தையும் கற்பித்தது. 1942-ஆம் ஆண்டில் பர்மா சப்பானியர் வசமாயிற்று. நகரத்தார் அந்நாட்டில் ஈட்டி வைத்திருந்த நிலமும் பொருளும் கைவிட்டுப் போயின. பலர் உயிர்தப்பி ஊர் வந்து சேர்ந்ததே பெரிதாயிற்று. அயல்மண்ணில் குவித்த செல்வம் ஒரே போரில் அழியக்கூடும் என்பதை அவ்வூர்கள் கண்ணாரக் கண்டன. அழகப்பர் தம் செல்வத்தை அழியாத ஒன்றாக மாற்றும் வழியை நாடினார். கல்வியே அவ்வழி என அவர் தேர்ந்தார்.

கொடையின் தொடக்கம்

1943-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை அமைவதற்காக ஓரிலட்சம் ரூபாய் வழங்கினார். அடுத்த ஆண்டில், சென்னைக் கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று தோன்ற 5 இலட்சம் ரூபாய் அளித்தார். அக்கல்லூரி இன்றும் அவர் பெயரால் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி என வழங்குகிறது. வேதிப்பொறியியல், நெசவுத் தொழில்நுட்பம், தோல் தொழில்நுட்பம் ஆகியவை அங்குப் பயிற்றப்பெறும் துறைகளுட் சில. உடுக்கும் ஆடை, காலில் அணியும் செருப்பு, துணி வெளுக்கும் சவர்க்காரம் ஆகிய எளிய பொருள்களின் பின்னே நிற்கும் கலைகள் இவை. வீட்டில் ஒவ்வொரு நாளும் புழங்கும் பொருள்களைச் செம்மையாகவும் மலிவாகவும் ஆக்கும் அறிவுக்கே அவர்தம் முதற் பெருங்கொடை சென்றது என்பது கருதத்தக்கது. தாய்மொழிக் கல்விக்கும் தொழிற்கல்விக்கும் அடுத்தடுத்து ஈந்தமையால், இரண்டும் ஒன்றற்கொன்று துணை என அவர் கொண்டமை புலனாகும்.

1947-ஆம் ஆண்டு சூலை மாதம் 3-ஆம் நாள் சென்னையில் அன்னி பெசண்டு அம்மையாரின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. விடுதலை பெறவிருக்கும் நாட்டில் கல்லூரிகளைத் தொடங்கச் செல்வர்கள் முன்வருதல் வேண்டும் என்று, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார் அவ்விழாவில் வேண்டிக்கொண்டார். அவையிலிருந்த அழகப்பர் அப்பொழுதே எழுந்து, காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாகக் கூறி ஓரிலட்சம் ரூபாயும் அறிவித்தார். சொல்லிய சொல் காற்றோடு போகவில்லை. அடுத்த திங்களிலேயே, நாடு விடுதலை பெற்ற அந்த ஆகஸ்டு மாதத்தில், காரைக்குடிக் காந்தி மாளிகையில் கல்லூரி வகுப்புகள் தொடங்கின. அதுவரை உயர்கல்வி பெற விரும்பிய அப்பகுதி இளைஞர் மதுரைக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ சென்று தங்க வேண்டியிருந்தது. செலவுக்கு வழியில்லாதவர் படிப்பை விடுத்தனர். கல்லூரி ஊருக்கு வந்தபின், நடந்து சென்று கற்கவும் இயன்றது.

மின்வேதியியல் ஆய்வகம்

விடுதலை பெற்ற இந்தியா, நாட்டின் பல பகுதிகளிலும் தேசிய ஆய்வகங்களை நிறுவத் திட்டமிட்டது. மின்வேதியியலுக்கென ஓர் ஆய்வகமும் அத்திட்டத்தில் இடம்பெற்றது. தலைநகரிலோ பெருநகர் ஒன்றிலோ அமையக்கூடிய அந்நிறுவனத்தைக் காரைக்குடிக்குக் கொணர அழகப்பர் விழைந்தார். அதற்காக 300 ஏக்கர் நிலத்தையும் 15 இலட்சம் ரூபாயையும் நாட்டுக்கு நல்கினார். 1948-ஆம் ஆண்டு சூலை மாதம் 25-ஆம் நாள் தலைமை அமைச்சர் சவகர்லால் நேரு காரைக்குடிக்கு வந்து அடிக்கல் நாட்டினார். 1953-ஆம் ஆண்டு சனவரி மாதம் 14-ஆம் நாள், அந்நாளில் குடியரசுத் துணைத்தலைவராக விளங்கிய சர்வபள்ளி இராதாகிருட்டிணன் ஆய்வகத்தைத் திறந்து வைத்தார். அதனை ஊரார் சிக்ரி என்று சுருக்கமாக அழைப்பர்.

மின்வேதியியல் என்னும் பெயர் செவிக்குப் புதிதாகத் தோன்றலாம். அதன் செயலோ ஒவ்வொரு வீட்டிலும் காணப்படுவது. பொருள்களின் வேதிமாற்றத்தால் மின்சாரம் தோன்றுவதையும், மின்சாரத்தால் பொருள்கள் வேதிமாற்றம் அடைவதையும் ஆராயும் துறை அது.

இருளில் வயலுக்குச் செல்லும் உழவன் கையில் பிடிக்கும் டார்ச் விளக்கை எண்ணிப் பார்க்கலாம். அதனுள் இருக்கும் பழைய வகை மின்கலம் துத்தநாகத்தாலாகிய ஒரு குப்பி. நடுவே ஒரு கரிக்கோல். இடையே வேதிப்பொருள்களின் குழம்பு. விளக்கு எரிய எரியத் துத்தநாகம் சிறிது சிறிதாகக் கரையும். தீர்ந்துபோன கலத்தை எடுத்தெறியாமல் உள்ளேயே விட்டுவைத்தால், குப்பி பொத்தலாகிக் குழம்பு கசிந்து விளக்கையே அரித்துவிடும். கலத்தின் இயல்பை அறிந்தவன் உரிய காலத்தில் அதனை நீக்குவான். அறியாதவன் கலத்தோடு விளக்கையும் இழப்பான்.

சமையலறையில் உள்ள அலுமினியப் பாத்திரமும் இத்துறையின் கொடையே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அலுமினியம் அரசர்களின் விருந்து மேசைக்குரிய அரிய உலோகமாக மதிக்கப்பட்டது. 1886-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்சில் ஹெரூல் என்பவரும், ஒருவரை ஒருவர் அறியாமலே, உருகிய கிரையோலைட்டில் கரைத்த அலுமினிய ஆக்சைடின் வழியே மின்சாரத்தைச் செலுத்தி அவ்வுலோகத்தைப் பிரிக்கும் முறையைக் கண்டனர். அதன்பின் விலை வீழ்ந்தது. அரசனின் மேசையிலிருந்த உலோகம் ஏழையின் அடுப்பில் ஏறியது.

தூத்துக்குடியிலும் வேதாரணியத்திலும் விளையும் உப்பைக் கரைத்து, அந்நீரில் மின்சாரம் செலுத்தினால் எரிசோடாவும் குளோரினும் கிடைக்கின்றன. எரிசோடா சவர்க்காரம் செய்ய உதவும். குளோரின் குடிநீரிலுள்ள நோய்க்கிருமிகளைக் கொல்லும். மிதிவண்டியின் கைப்பிடி பளபளப்பதும், வாளியின் இரும்பு துத்தநாகப் பூச்சால் காக்கப்படுவதும், மோட்டார் வண்டியின் ஈய மின்கலம் மீண்டும் மீண்டும் மின்னேற்றம் பெறுவதும் இத்துறையின் பயன்களே. இரும்பு துருப்பிடிப்பதும் ஒரு மின்வேதிச் செயலாகும். ஈரமும் காற்றும் கூடிய இடத்தில் இரும்பின்மேல் கண்ணுக்குப் புலப்படாத சிறு மின்னோட்டங்கள் எழுந்து அதனை அரிக்கின்றன. உப்புக் காற்று வீசும் கடற்கரையில் அவ்வரிப்பு விரைந்து நிகழும். மீனவனின் படகில் உள்ள ஆணி முதல் கடல்மேல் அமைந்த பாலம் வரை இத்தீங்குக்கு ஆட்படாதது இல்லை. காரைக்குடி ஆய்வகம், மண்டபம் கடற்கரையில் ஒரு நிலையம் அமைத்து, உலோகங்களைக் கடற்காற்றிலும் கடல்நீரிலும் இட்டு, அவை அரிபடும் விதத்தை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றது.

ஏணியின் படிகள்

ஆய்வகம் திறக்கப்பட்ட அன்றே ஊரார் இல்லங்களில் புதுமைகள் நிறைந்துவிடவில்லை. ஆய்வாளர் கண்ட உண்மை, ஏட்டிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்து சேர்வதற்குப் பல கைகள் வேண்டும். உண்மையைக் காண்பவர் ஆய்வாளர். அதனைப் பொறியாக வடிப்பவர் பொறியாளர். பொறியைப் பொருத்தியும் பழுதுபார்த்தும் காப்பவர் தொழில் கற்ற கைவினைஞர். இவர்களுக்கெல்லாம் எழுத்தறிவித்தவர் ஆசிரியர். இவர்களுள் ஒருவர் இல்லையெனினும் ஏணியின் ஒரு படி முறிந்ததாகும்.

அழகப்பர் அவ்வேணியின் எல்லாப் படிகளையும் ஒரே ஊரில் அமைத்தார். 1950-ஆம் ஆண்டில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும், 1952-ஆம் ஆண்டில் பொறியியற் கல்லூரியும் காரைக்குடியில் தோன்றின. தொழிற் பயிற்சிக்குரிய பல்தொழில்நுட்பப் பயிலகம், உடற்பயிற்சிக் கல்லூரி, பெண்கள் கல்வி நிலையம் ஆகியனவும் அவர் கொடையால் எழுந்தன. சிறு குழவிகள் கையால் தொட்டும் அடுக்கியும் கற்கும் மாண்டிசோரிப் பள்ளியும் அவற்றுள் ஒன்று. கருவிகளை அஞ்சாது கையாளும் பழக்கம் மூன்று வயதிலேயே தொடங்கி, பொறியியற் பட்டத்திலும் அதற்குமேல் ஆய்விலும் சென்று நிறைவுறும் வண்ணம் ஒரு கல்வி நகரம் உருவாயிற்று. பனையும் முள்ளும் மண்டிக் கிடந்த செம்மண் நிலத்தில் வகுப்பறைகளும் பட்டறைகளும் வரிசை வரிசையாக எழுந்தன.

இறுதிக் காலம்

கொடை வளர வளர அழகப்பரின் செல்வம் குறைந்தது, உடலும் நலிந்தது. கல்லூரிகளின் செலவோ ஆண்டுதோறும் பெருகியது. அந்நிலையில் வேறொருவராயின் கொடுத்தது போதும் என்று கையை மடக்கியிருத்தல் கூடும். அழகப்பரோ கோட்டையூரில் தமக்குரியதாக இருந்த இல்லத்தையும் பெண்கள் கல்விக்காக அளித்தார். செல்வத்தில் மிச்சமானதைத் தருவது பலர்க்கும் இயலும். குடியிருக்கும் கூரையைத் தருவது அரிது.

பட்டங்களை அவர் பெரிதாக மதிக்கவில்லை. ஆங்கில அரசு தமக்கு வழங்கியிருந்த சர் என்னும் பட்டத்தை நாடு விடுதலை பெற்றபின் துறந்தார். இந்திய அரசு 1956-ஆம் ஆண்டில் பத்மபூசண் விருது அளித்து அவரைப் பெருமைப்படுத்தியது. அதற்கு அடுத்த ஆண்டில், 1957 ஏப்பிரல் 5-ஆம் நாள், தம் 48-ஆம் அகவை நிறைவதற்கு ஒரு நாள் முன்னர், அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். நீண்ட ஆயுளை அவர் பெறவில்லை. பெற்ற சில ஆண்டுகளுள்ளும், கொடைக்குச் செலவிட்டவை ஏறத்தாழப் பதினைந்தே. அப்பதினைந்து ஆண்டுகளில் ஓர் ஊரின் தலையெழுத்தையே மாற்றி எழுதினார்.

விளைந்த பயன்

அவர் மறைந்தபின் அவர் நட்ட மரங்கள் கிளைத்துத் தழைத்தன. அவர் தொடங்கிய கல்வி நிலையங்களை அடியாகக் கொண்டு 1985-ஆம் ஆண்டில் அழகப்பா பல்கலைக்கழகம் உருவாயிற்று. பொறியியற் கல்லூரி அரசுக் கல்லூரியாக நடைபெறுகின்றது. சிக்ரி ஆய்வகம் மின்கலம், மின்முலாம், உலோக அரிப்பு முதலிய துறைகளில் நாடறிந்த நிலையமாக விளங்குகின்றது. கைப்பேசிக்கும் மின்சார வண்டிக்கும் உயிராக விளங்கும் லித்தியம் அயனி மின்கலத்தை உள்நாட்டிலேயே ஆக்குவதற்கு அவ்வாய்வகம் கண்ட தொழில்நுட்பம், 2018-ஆம் ஆண்டில் இந்தியத் தொழில் நிறுவனம் ஒன்றுக்குக் கைமாற்றித் தரப்பெற்றது. ஒரு காலத்தில் பழுதுற்ற வானொலியைச் சென்னைக்கு அனுப்பிக் காத்திருந்த ஊரிலிருந்து, நாட்டுக்கே பயன்படும் மின்கல நுட்பம் புறப்பட்டது.

ஒரு கருவியின் சிறப்பை அதன் விலையாலோ பளபளப்பாலோ அளத்தல் ஆகாது. அதனைப் பயன்படுத்தும் முதியவர்க்கும் சிறியவர்க்கும், கற்றவர்க்கும் கல்லாதவர்க்கும் அது எளிதிற் பணிபுரிகிறதா, பழுதுற்றால் அருகிலேயே திருத்த இயலுகிறதா, எளியவன் அதனை வாங்கிப் பேண இயலுகிறதா என்பவையே அதற்குரிய அளவுகோல்கள். அவ்வளவுகோலில் செட்டிநாட்டின் பழைய முற்றமும் ஊருணியும் தேறின. புதிய பொறிகளும் அவ்வாறே தேறுவதற்கு, அவற்றின் அறிவை ஊரோடு ஒட்டி வளர்த்தல் வேண்டும் என்று கண்டு, அதற்குத் தம் செல்வத்தின் பெரும்பகுதியை ஈந்தவர் அழகப்பர்.

அவர் தொடங்கிய பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. கற்ற அறிவைக் கொண்டு தம் ஊர் மக்களின் அன்றாட இடர் ஒன்றையேனும் தீர்க்கும் கருவியைச் செய்பவரும், செய்த கருவியைப் பழுதுபார்த்துக் காப்பவரும், அதனைப் பயன்படுத்தும் வகையை அறியாதார்க்குப் பொறுமையோடு கற்பிப்பவரும் அப்பணியைத் தொடர்பவரே ஆவர். காரைக்குடியின் செம்மண் நிலத்தில் அவர் விதைத்த கல்வியைப் பெறும் ஒவ்வொரு மாணவரும் அக்கடனுக்கு உரியவர்.